இறங்கத் தெரிந்த தசைகள்

மேலே ஏற்றிவிடுவது லிஃப்ட். கீழே இழுப்பது பூமி. நடுவில் ஸ்னோபோர்டருக்கு மிச்சமிருக்கும் வேலை என்ன?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 75 கிலோ எடையுள்ள ஒருவர் 500 மீட்டர் உயரத்திலிருந்து பனிச்சரிவில் இறங்குகிறார். அந்த உயரம் அவருக்குக் கொடுக்கும் ஆற்றல் சுமார் 3,67,000 ஜூல். அடிவாரத்தில் அவர் நின்றுவிட்டார் என்றால் அவ்வளவும் வழியிலேயே செலவாகியிருக்க வேண்டும். பெரும்பகுதி, பலகையின் விளிம்பு பனியைச் சீவுவதில் போகிறது. காற்றைக் கிழிப்பதில் ஒரு பங்கு போகிறது. எஞ்சியது அவருடைய தொடையிலும் கெண்டைக்காலிலும் இடுப்பிலும் கரைகிறது. சிறிய பங்குதான். ஆனால் மறுநாள் காலை விடுதியின் மாடிப்படியில் கைப்பிடியை விடாமல் அவரை இறங்கவைப்பது அந்தச் சிறிய பங்குதான்.

ஓடுகிறவருக்கும் நீந்துகிறவருக்கும் தசை என்பது எஞ்சின். ஸ்னோபோர்டருக்கு அது பிரேக். இதைப் பிடித்துக்கொண்டால், ஏப்ரலில் பனி இளகியதிலிருந்து டிசம்பர்வாக்கில் மலை மறுபடி திறக்கும்வரை உள்ள மாதங்களை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். நடைமுறையில் பலர் செய்வது வேறு. கோடை முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, அக்டோபர் கடைசியில் விழித்துக்கொண்டு டிரெட்மில்லில் ஏறி ஓடுகிறார்கள். ஓடினால் இதயத்துக்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் முதல் நாள் சறுக்கிவிட்டு வருகிறவர்களைக் கவனித்தால் தெரியும்: மூச்சு வாங்கி நிறுத்தியவர்கள் குறைவு, கால் நடுங்கி நிறுத்தியவர்களே அதிகம்.

பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க மலைக்குப் போக வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே முழங்காலை மடக்கி மெதுவாகக் குந்துங்கள். முன்தொடைத் தசை கல்லாக இறுகியிருக்கும். ஆனால் அதன் நீளம் குறையாது, கூடிக்கொண்டே போகும். இறுகியபடியே நீளுகிறது. உடலியலில் இதற்கு எக்சென்ட்ரிக் வேலை என்று பெயர். குந்தியவர் எழும்போது அதே தசை இறுகிக் குறுகுகிறது; அது கான்சென்ட்ரிக். எடை ஒன்றுதான், கடக்கும் தூரமும் ஒன்றுதான். செலவு மட்டும் ஒன்றல்ல.

அந்த வேறுபாட்டை அளந்தவர்கள் மூவர்: பெர்னார்ட் ஆபட், பிரெண்டா பிக்லாண்ட், மர்டாக் ரிச்சி. 1952இல் லண்டனில் இரண்டு நிலைச் சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் பிணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவரின் பெடல்கள் பின்னோக்கிச் சுற்றும். அவருடைய வேலை, அந்தப் பெடல்களைக் காலால் எதிர்த்துத் தடுப்பது. இருவர் காலிலும் விசை ஒன்றே. ஆனால் மிதித்தவர் செலவழித்த ஆக்சிஜனோடு பார்த்தால், தடுத்தவர் செலவழித்தது மிகமிகக் குறைவு. மிதிக்கும் வேகம் கூடக்கூட இந்த வேறுபாடும் கூடியது. ராயல் சொசைட்டியில் இதைச் செய்துகாட்டியபோது, மெலிந்த இளம்பெண் ஒருவர் வாட்டசாட்டமான ஆணை எளிதில் களைத்துப்போக வைத்ததைப் பார்த்து அறிஞர் சபையே சிரித்ததாம். தசை ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ஏ.வி. ஹில் பிற்பாடு இதை ரசித்து எழுதியிருக்கிறார்.

இந்த மலிவு எங்கிருந்து வருகிறது? தசைக்குள் மயோசின் இழைகள் ஆக்டின் இழைகளைப் பற்றி இழுக்கின்றன. வழக்கமாக ஒவ்வொரு பிடியை விடவும், ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவாகும். வெளி எடை தசையை நீட்டும்போது பல பிடிகள் அந்த இழுப்பிலேயே பிய்த்துக்கொள்கின்றன, ஏடிபி மிச்சம். டைட்டின் என்ற ராட்சதப் புரதமும் நீட்சியை எதிர்த்துத் தன் பங்குக்குத் தாங்குகிறது என்று இன்று கருதப்படுகிறது. ஆகவே நீளும் தசை, அசையாமல் இறுகிநிற்கும் தசையைவிட அதிக எடையைத் தாங்கும், குறைந்த செலவில்.

பிய்த்துக்கொள்வது சும்மா போவதில்லை. வெள்ளியங்கிரியோ சதுரகிரியோ போய்வந்தவர்களுக்கு இது தெரியும்: ஏறும்போது மூச்சு முட்டும், ஆனால் இரண்டு நாள் கழித்துத் தொடையைத் தொடவிடாமல் செய்வது இறங்கிய இறக்கம். நீட்சி சீராகப் பரவுவதில்லை. தசையிழையின் நுண்ணிய அலகான சார்கோமியர்களில் சில, மற்றவற்றைவிட அதிகமாக இழுபட்டுக் கட்டமைப்புக் குலைகின்றன. வீக்கமும் வலியும் பின்னாலேயே வருகின்றன, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சம் தொடுகின்றன. இப்படித் தாமதித்து வரும் வலியைத் தியடோர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் 1902இலேயே விவரித்துவிட்டார். ஐந்து நாள் விடுமுறை எடுத்துப் பனிமலைக்குப் போகிறவருக்கு இது கொடுமையான கால அட்டவணை. வலியின் உச்சம், காசு கொடுத்து வாங்கிய லிஃப்ட் சீட்டின் நடுப்பகுதியில் வந்து நிற்கிறது.

இதற்கு மருந்து அந்த வேலையிலேயே இருக்கிறது. ஒருமுறை இப்படி அடிபட்ட தசை, சில வாரங்கள் கழித்து அதே வேலையைச் செய்தால் முன்போல அடிபடாது. ஒரேயொரு முறை செய்ததற்கே இந்தக் காப்பு கிடைக்கும். வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் நீடிக்கும். தொடர்ந்து செய்தால் தசையின் அமைப்பே மாறுவதாக விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. 1994இல் ஆஸ்திரேலியாவில் லின்னும் மோர்கனும் சில எலிகளை ஏற்றத்தில் ஓடவிட்டார்கள், சிலவற்றை இறக்கத்தில் ஓடவிட்டார்கள். இறங்கி ஓடிய எலிகளின் தொடைத் தசையில் வரிசையாகக் கோத்த சார்கோமியர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. அலகுகள் அதிகமானால் ஒவ்வொன்றின்மீதும் விழும் நீட்சி குறையும். அதாவது இறக்கத்துக்குப் பயிற்சி, இறக்கம்தான்.

எலிக்குப் பொருந்துவது எல்லாமே மனிதருக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் தைவானில் 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். உடல் பருமனான முதிய பெண்களை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு மாடிப்படி ஏறி லிஃப்டில் இறங்கியது. இன்னொரு குழு லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கியது. பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், கால் வலிமையில் மட்டுமல்ல, ரத்தச் சர்க்கரை, ரத்தக் கொழுப்பு போன்றவற்றிலும் இறங்கியவர்களே அதிகம் முன்னேறியிருந்தார்கள். லிஃப்டில் ஏறி, காலால் இறங்குவது. பனிமலை ஒழுங்கும் அதேதான்.

ஆகவே, பனியில்லாத மாதங்களின் முதன்மைப் பயிற்சி பார்ப்பதற்குச் சோம்பலாகவே இருக்கும். தோளில் எடையோடு நாலைந்து நொடி எடுத்துக் குந்துவது. ஒரு படிமேல் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மெல்ல இறங்குவது. முழங்காலில் நின்று, கணுக்காலை யாராவது பிடித்துக்கொள்ள, உடலை மரம்போல் நேராக வைத்து முன்னால் சாய்வது. பின்தொடைக்கு இதைவிடக் கடுமையான பயிற்சி குறைவு. ஒற்றைக்கால் பயிற்சிகளை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. இரண்டு காலும் ஒரே பலகையில் பூட்டியிருந்தாலும் இரண்டுக்கும் வேலை ஒன்றல்ல. முன்கால் திருப்பத்தைத் தொடங்குகிறது, பின்கால் அதை முடிக்கிறது. பருவம் முழுக்க ஒரே பக்கம் முன்வைத்து ஓட்டியவரின் தொடைகள் இரட்டைப்பிள்ளைகளாக இருப்பதில்லை. இரண்டு காலும் சேர்ந்து குந்தும்போது வலுவான கால் மற்றதன் பங்கையும் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும்; குறை வெளியே தெரியாது.

குதிகால் விளிம்பில் சரிவைக் குறுக்காகக் கடப்பது வேறு வகைச் சோதனை. அங்கே தசை நீளுவதுமில்லை, குறுகுவதுமில்லை. மடக்கிய முழங்காலோடு அப்படியே நிற்கிறது. இறுகிய தசை தன் ரத்தக்குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது. ஆக்சிஜன் வரத்து குறைந்து, அமிலம் சேர்ந்து, தொடை எரிகிறது. சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில்லாமல் உட்காரும் பழைய பயிற்சி இதற்குப் போதும். கூடவே முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டி ஓடும் முன்பக்கத் தசையையும் கவனிக்க வேண்டும். குதிகால் விளிம்பில் நிற்கும்போது பாதத்தின் முன்பகுதியைத் தூக்கிப்பிடிப்பது அதுதான். ஜிம்முக்குப் போகும் யாரும் அதைச் சீண்டுவதில்லை.

இனிக் குதித்து இறங்குவது.

2 மீட்டர் உயரத்திலிருந்து சமதளத்தில் ஒருவர் குதிக்கிறார். தரை தொட்ட பிறகு அவருடைய உடல் முழங்காலும் இடுப்பும் மடங்க அரை மீட்டர் தாழ்ந்து நிற்கிறது என்று கொள்வோம். கால்கள் தாங்கும் சராசரி விசை, அவருடைய எடையைப்போல் 5 மடங்கு. கால் மடங்காமல் 20 சென்டிமீட்டரிலேயே நின்றுவிட்டால் அது 11 மடங்கு. உச்ச விசை இரண்டிலும் சராசரியைவிடக் கூடுதலாக இருக்கும். முழங்கால் மடங்கும் அந்த 30 சென்டிமீட்டர்தான் எலும்புக்கும் மூட்டுநாணுக்கும் கிடைக்கும் சலுகை. அதை வழங்குவது நீண்டுகொண்டே தாங்கும் தொடை. வலிமை போதாத தொடை, கனமான விசையில் பாதியிலேயே விட்டுக்கொடுத்து உட்கார்ந்துவிடும். அல்லது பயத்தில் விறைத்து, மடங்கவே மறுக்கும். இரண்டுமே ஆபத்து.

சரிவில் இறங்கும்போது கணக்கு மாறுகிறது. பறந்துவரும் திசைக்கும் தரையின் சரிவுக்கும் இடையே உள்ள கோணம்தான் அங்கே முக்கியம். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில், 10 பாகை வித்தியாசத்தில் பனியைத் தொட்டால் அந்த அடி, 35 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து குதித்ததற்குச் சமம். வித்தியாசம் 30 பாகையானால் அதே வேகம் ஏறக்குறைய 3 மீட்டர் குதிப்பாகிவிடும். ஒரே பெரிய குதிப்பில் தந்திரம் காட்டும் பிக் ஏர் போட்டிகளில் இறங்குதளத்தை அவ்வளவு செங்குத்தாக அமைப்பது இதற்காகத்தான். வீரர்கள் மிகவும் அஞ்சுவது உயரத்தை அல்ல, சரிவைத் தாண்டிச் சமதளத்தில் போய் விழுவதை.

உலகத் தரத்தில் ஆடுகிறவர்களுக்கு உண்மையில் ஓய்வுப் பருவமே கிடையாது. ஜூலையில் நியூசிலாந்தின் கார்ட்ரோனாவுக்கோ சிலிக்கோ போவார்கள். இல்லையென்றால் ஆஸ்திரியாவின் ஹின்டர்டுக்ஸ் பனியாற்றுக்கு. அதற்கும் மேலே, புதிய தந்திரங்களை எலும்பு முறியாமல் பழக ஒரு வழி வேண்டியிருந்தது. 2009இல் அமெரிக்க ஸ்னோபோர்டு வீரர் ஷான் வைட்டுக்காகக் கொலராடோவின் சில்வர்டன் மலையில், பாதிக் குழாய் வடிவப் பனிப்பள்ளமான ஹாஃப்பைப் ஒன்றையே தனியாக வெட்டி, அதன் பக்கத்தில் நுரைக்கட்டிகள் நிரப்பிய குழியையும் அமைத்தார்கள். பின்னர் காற்றடைத்த ராட்சத மெத்தைகள் வந்தன. ஜப்பானில் பிளாஸ்டிக் தூரிகைகள் பதித்த செயற்கைச் சரிவிலிருந்து மெத்தைக்குள் பறக்கும் பயிற்சிக்கூடங்கள் கோடையிலும் நடக்கின்றன. அந்நாட்டு இளைஞர்கள் பிக் ஏரில் இவ்வளவு வேகமாக முன்னேறியதற்கு இவை ஒரு பெரிய காரணம் என்பது பரவலான கருத்து. எனக்கும் அதில் உடன்பாடே.

ஆனால் மெத்தை ஒன்றை மட்டும் கற்றுத்தராது. காற்றில் எத்தனை சுற்று, எப்போது தலையைத் திருப்புவது, எப்போது தரையைத் தேடுவது எல்லாம் அங்கே பழகலாம். அடியைத் தாங்குவதை மெத்தை தானே செய்துவிடுகிறது. பிரேக்குக்கு அங்கே விடுமுறை. சரிவான வடிவில் செய்து, பலகையோடு வழுக்கி வெளியேற விடும் புதிய மெத்தைகள் இந்தக் குறையை ஓரளவு தீர்க்கின்றன. அப்படியும், மெத்தையில் ஒரு கோடையில் நூற்றுக்கணக்கான தடவை பறந்தவரின் தன்னம்பிக்கை அவருடைய தொடையைவிட வேகமாக வளர்ந்திருக்கும். இந்த இடைவெளியை எடைக்கட்டையும் பெட்டியிலிருந்து குதித்திறங்கும் பயிற்சியும்தான் நிரப்ப வேண்டும்.

பனியில்லாத காலத்தை வேறு விதமாக நிரப்பிக்கொண்டவர் அயுமு ஹிரானோ. ஜப்பானின் நீகாட்டா மாகாணத்தில் முரகாமி ஊர்க்காரர். தந்தை அங்கே ஸ்கேட்போர்டு பூங்கா நடத்தியவர். 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கின் ஹாஃப்பைப்பில் 15 வயதில் வெள்ளி. 2017இல் அமெரிக்க ஓப்பன் ஸ்னோபோர்டு போட்டியில் விழுந்து கல்லீரலிலும் முழங்கால் மூட்டுநாணிலும் காயம். அடுத்த ஆண்டு பியாங்சாங்கில் மறுபடியும் வெள்ளி. பிறகு 2021 ஆகஸ்டில் டோக்கியோவின் கோடை ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு ஆடினார், 14ஆம் இடம். அதிலிருந்து ஆறே மாதத்தில், 2022 பிப்ரவரி 11 அன்று, பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கின் ஹாஃப்பைப்பில் தங்கம். அவருடைய ஆட்டத்தில் இருந்த டிரிபிள் கார்க் 1440, நான்கு முழுச் சுற்றுக்குச் சமம். விளிம்புக்கு மேல் 5 மீட்டர் எழும்பினால் காற்றில் கிடைப்பது சுமார் 2 நொடி, அதற்குள் அத்தனையும்.

ஸ்கேட்போர்டு அவருக்கு உடற்பயிற்சி அல்ல, இன்னொரு தொழில். இருந்தாலும் கான்கிரீட் கிண்ணமும் பனிக்குழாயும் ஒரே இயற்பியலால் ஆனவை. 'தசை பிரேக்' என்று நான் அடித்துச் சொன்னதற்கு விதிவிலக்கும் இங்கேதான் இருக்கிறது. வளைவில் ஏறும்போது குந்தியிருந்தவர் சரியான தருணத்தில் எழுந்தால், வளைவின் அழுத்தத்துக்கு எதிராக வேலை செய்கிறார். அந்த வேலை வேகமாக மாறி அவரிடமே திரும்புகிறது. ஹாஃப்பைப்பில் தொடை சில கணம் எஞ்சினாகிறது. மலையில் லிஃப்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஸ்கேட் பூங்காவில் இதைப் பலமுறை பழகிவிடலாம்.

இதையெல்லாம் எப்போது தொடங்குவது? உடலின் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு வேகத்தில் கற்கிறது, ஒவ்வொரு வேகத்தில் மறக்கிறது. சீக்கிரம் மறப்பது தாக்குப்பிடிக்கும் திறன். எட்வர்ட் காயிலும் குழுவினரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், நன்கு பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை நிறுத்தியதும் அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் பயன்பாடு முதல் 21 நாளிலேயே 7 சதவீதம் சரிந்தது. 56 நாளில் சரிவு 16 சதவீதத்தை எட்டி நின்றது. தொடக்கச் சரிவுக்குப் பெரும்பங்கு காரணம், உடலில் ரத்தத்தின் அளவு குறைந்து, இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் தள்ளும் ரத்தம் குறைவதுதான். இது திரும்பி வருவதும் விரைவே. ஆகவே மே மாதத்தில் வியர்த்து ஓடிச் சேர்த்துவைத்துவிட்டு நவம்பர்வரை விட்டுவைப்பதில் பயனில்லை. வலிமை அப்படியல்ல, பொறுமையானது. கட்டியெழுப்பிய பிறகு வாரம் ஒருமுறை கனமாகச் செய்தாலே பல வாரம் தங்கும்.

எல்லாவற்றிலும் மெதுவானது தசைநாண். 1955 முதல் 1963 வரை வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் உலகெங்கும் கார்பன் 14 அளவை ஏற்றிவிட்டன. அந்த அடையாளத்தை வைத்து ஒரு திசு எப்போது உருவானது என்று சொல்லிவிடலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் குதிநாணை இப்படிச் சோதித்தபோது, அதன் மையப்பகுதி ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவாகி, அதற்குப் பிறகு பெரும்பாலும் புதுப்பிக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. வயதான பிறகும் நாண் பயிற்சியால் விறைப்பும் வலுவும் பெறும். ஆனால் கனமான எடை, மெதுவான அசைவு, மூன்று மாதப் பொறுமை கேட்கும். அக்டோபரில் விழித்துக்கொள்கிறவரின் தசை டிசம்பருக்குள் ஓரளவு தயாராகிவிடும், நாண் தயாராகாது. வலுத்த தசை தயாராகாத நாணை இழுப்பதுதான் டிசம்பர் காயங்களில் பலவற்றின் கதை என்பது என் ஊகம்.

அதனால் ஜூன் தொடங்கி ஆகஸ்டு முடிய கனமும் மெதுவும். செப்டம்பரில் தாழ்ந்த பெட்டியிலிருந்து குதித்திறங்கத் தொடங்கி, சத்தம் வராமல் இறங்கக் கற்ற பிறகே உயரத்தைக் கூட்டுவது. ஓட்டமும் சைக்கிளும் கடைசி இரண்டு மாதத்தில் சூடுபிடித்தால் போதும். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைப்போல் சுமார் 70 சதவீதம்தான். கொலராடோவில் பிரெக்கென்ரிஜ் ஊரே ஏறத்தாழ அந்த உயரத்தில் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் ஓட்டத்தின் பங்கைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

சமநிலைப் பலகையைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். உருளைமேல் பலகை வைத்து ஆடுவது கோடையில் ஸ்னோபோர்டர்களின் பிரியமான பொழுதுபோக்கு. கணுக்கால் சுளுக்கியவர்களுக்கு ஆட்டப்பலகைப் பயிற்சி உதவும் என்று பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர் மைக்கேல் ஃப்ரீமன் 1965இலேயே காட்டினார். அது இன்றும் நிற்கிறது. ஆனால் சமநிலை என்று பொதுவாக ஒரு திறன் இருப்பதாகத் தெரியவில்லை. உருளையில் பழகியவர் உருளையில்தான் தேறுகிறார். காயத்திலிருந்து மீள்கிறவருக்கு நல்லது, மற்றவர்களுக்கு வேடிக்கை. குந்தும் பயிற்சிக்குப் பதிலாகாது.

எந்தப் பயிற்சியும் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு: மணிக்கட்டு. இரண்டு காலும் பூட்டியிருப்பதால் தடுமாறுகிறவர் ஒரு காலை எடுத்துவைத்துச் சமாளிக்க முடியாது. கைதான் முன்னால் போகும். புதிதாகக் கற்பவர்களிடம் மிகுதியாக முறிவது இங்கேதான். நார்வேயின் ஹாஃப்யெல் மலையில் 5,029 ஸ்னோபோர்டர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு மணிக்கட்டுக் காப்பு கொடுத்துப் பார்த்தார்கள். 2001இல் வெளிவந்த முடிவு: காப்பு அணிந்தவர்களில் 8 மணிக்கட்டுக் காயங்கள், அணியாதவர்களில் 29. புதிதாகக் கற்பவர்களில் பிள்ளைகளும் உண்டு: சுவிட்சர்லாந்தில் பல பள்ளிக்கூடங்களே பிள்ளைகளைப் பனிமலை முகாமுக்கு அழைத்துப்போகின்றன. அங்கே வாழும் தமிழ்ப் பெற்றோர் பலர் வாழ்நாளில் பலகையில் ஏறியிருக்க மாட்டார்கள். முகாமுக்கு அனுப்பும் பட்டியலில் தலைக்கவசம் கட்டாயம் இருக்கும். மணிக்கட்டுக் காப்பு இல்லையென்றால் நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.